கறுத்த திராட்சையும் குருதிச் சிறுதட்டும்

"மாதுளம்பழம் இரத்தத்தை மெலிய வைக்கும்." கொழும்பு வெள்ளவத்தையில் பழம் நிறுத்துத் தருகிறவரும் இதைச் சொல்வார், இதய கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருப்பவரும் சொல்வார். சொல்லிலேயே ஒரு கோளாறு இருக்கிறது. இரத்தம் என்ன குழம்பா, தண்ணீர் விட்டால் மெலிவதற்கும் வற்றினால் தடிப்பதற்கும்? அஸ்பிரின் போட்டாலும் வார்பரின் போட்டாலும் இரத்தத்தின் தடிப்பு அப்படியே இருக்கும். அது கட்டிபடுகிற இயல்புதான் குறையும். இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், எந்தச் சாறு எங்கே தொடுகிறது, எங்கே தொடுவதே இல்லை என்பது பெரும்பாலும் தானாக விளங்கிவிடும்.

குருதி உறைவதில் இரண்டு தரப்பு வேலை செய்கிறது. முதலாவது குருதிச் சிறுதட்டுகள் (பிளேட்லெட்). ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் 150,000 முதல் 450,000 வரை இருக்கும். கரு இல்லாத துணுக்குகள், ஆயுள் 7 முதல் 10 நாள். நாடியின் உட்சுவர் கிழிந்து அடியில் இருக்கும் கொலாஜன் என்ற நார்ப்புரதம் வெளியே தெரிந்தால் இவை ஓடிப்போய் ஒட்டும். ஒட்டியதும் ஏ.டி.பி., துரொம்பொக்சேன் என்ற பொருள்களைக் கக்கி மற்றச் சிறுதட்டுகளையும் கூப்பிடும். இரண்டாவது தரப்பு ஈரல் செய்து விடுகிற உறைதற் புரதங்கள். அவை ஒன்றையொன்று தட்டியெழுப்பி, கடைசியில் பைப்ரின் என்ற இழைவலையைப் பின்னும். மாரடைப்பில், இதயத்தின் முடியுரு நாடியில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து அதன்மேல் விழுகிற கட்டியில் சிறுதட்டுகளின் பங்கு பெரிது. காலின் ஆழ்நாளத்தில் விழுகிற கட்டியிலும், இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியவர்களின் இதய அறைக்குள் விழுகிற கட்டியிலும் பைப்ரின்தான் முன்னுக்கு நிற்கும். அதனால்தான் நாடியைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்தவருக்கு அஸ்பிரினும் குளோபிடோக்ரெலும், செயற்கை வால்வு வைத்தவருக்கு வார்பரினும் எழுதுகிறார்கள்.

நிறமுள்ள பழச்சாறுகளைப் பற்றிய ஆய்வுகள் ஏறக்குறைய எல்லாமே முதல் தரப்பைப் பற்றியவை. இரண்டாவது தரப்பில் சாற்றுக்குப் பெரிய வேலை இல்லை.

இந்த ஆராய்ச்சியின் தொட்டில் அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகம். அங்கே ஜோன் போல்ட்ஸ் என்பவர் மயக்கமருந்து கொடுத்த நாயின் முடியுரு நாடியைச் சிறிது காயப்படுத்தி, அதைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் வளையம் போட்டு இறுக்கி, ஓட்டத்தை அளந்தார். இறுகிய இடத்தில் சிறுதட்டுகள் குவியக் குவிய ஓட்டம் படிப்படியாக விழும். குவியல் பெயர்ந்து போனதும் சட்டென்று ஏறும். மறுபடி விழும். வரைபடத்தில் பார்த்தால் வாளின் பல் போல இருக்கும். அஸ்பிரின் கொடுத்தால் அந்தப் பல்வரிசை மட்டமாகிவிடும். 1995இல் அவர் குழு, சிவப்பு வைனும் ஊதாத் திராட்சைச் சாறும் அதே வேலையைச் செய்வதாகக் காட்டியது.

பிறகு மனிதர்கள். 2000இல் வெளியான ஆய்வில் 10 ஆரோக்கியமானவர்கள் ஒவ்வொரு சாற்றையும் 7 முதல் 10 நாள் குடித்தார்கள். ஊதாத் திராட்சைச் சாறு சிறுதட்டுகள் ஒட்டுவதை 77 சதவீதம் குறைத்தது. தோடம்பழச் சாறும் கிரேப்புரூட் சாறும் ஒன்றும் செய்யவில்லை. 2001இல் வேறொரு குழு 20 பேருக்கு 14 நாள் கொடுத்தது. ஒட்டுதல் குறைந்ததோடு, சிறுதட்டுகளே வெளிவிடும் நைத்திரிக் ஒட்சைட்டும் கூடியிருந்தது. இந்த வாயு நாடியைத் தளர்த்தும், சிறுதட்டுகளையும் அடக்கி வைக்கும். அதற்கு முன்பே, 1999இல், முடியுரு நாடி நோயுள்ள 15 பேர் இரண்டு வாரம் சாறு குடித்தபின் அவர்களின் கை நாடி விரிகிற திறன் தேறியதாக இன்னோர் ஆய்வு வந்திருந்தது.

எண்ணிக்கைகளைக் கவனியுங்கள்: 10, 20, 15. நாள்களையும் கவனியுங்கள். ஒருவருக்கும் மாரடைப்புக் குறைந்ததாக இதில் எதுவும் காட்டவில்லை, காட்டவும் முடியாது. சிறுதட்டு ஒட்டுதலின் அளவுகோல் ஆய்வுகூடக் குழாய்க்குள் நடப்பது. 1962இல் லண்டனில் குஸ்தாவ் போர்ன் அமைத்த வழிமுறையில், சிறுதட்டு நிறைந்த மஞ்சள் கலங்கல் திரவத்தில் ஏ.டி.பி. சொட்டி, உள்ளே ஒளி பாய்ச்சுவார்கள். சிறுதட்டுகள் திரண்டு கட்டியாகக் கலங்கல் தெளியும், ஒளி கூடுதலாகக் கடக்கும். எவ்வளவு கடக்கிறது என்பதே அளவீடு. இன்று முழு இரத்தத்திலேயே மின்தடையால் அளக்கும் கருவிகளும் உண்டு. பயனுள்ள பரிசோதனைதான். ஆனால் குழாய்க்குள் தெளிவாகத் தெரிவது நெஞ்சுக்குள்ளும் அப்படியே நடக்கும் என்று எழுதிக் கொடுக்க ஒருவராலும் ஆகாது.

இனி அளவு. அந்த ஆய்வுகளில் கொடுத்தது உடல் நிறையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 மில்லிலீற்றர். 60 கிலோ உள்ள ஒருவருக்கு 420 மில்லிலீற்றர். திராட்சைச் சாற்றில் சீனி சேர்க்காமலே 100 மில்லிலீற்றருக்கு 15 கிராம் அளவில் இயற்கைச் சர்க்கரை இருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் 63 கிராம், பன்னிரண்டு தேக்கரண்டிக்கு மேல். உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன கணக்கில், 2000 கலோரி உண்பவர் ஒரு நாளில் எடுக்கக்கூடிய கட்டற்ற சர்க்கரையின் மேல் எல்லை 50 கிராம், முடிந்தால் 25. பழத்துக்குள் இருக்கும்போது அந்தக் கணக்கில் சேராத சர்க்கரை, பிழிந்து சாறாக்கியதும் சேர்ந்துவிடுகிறது. காலை, மாலைத் தேத்தண்ணிச் சீனி இன்னும் இதில் சேரவில்லை. இலங்கையில் 2016 ஓகஸ்ட் முதல் இனிப்புப் பானப் போத்தல்களில் நிற வட்டம் போடுகிறார்கள்: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2க்குக் கீழே பச்சை. அந்தக் கோலில் நிறுத்தினால் கலப்பே இல்லாத திராட்சைச் சாறும் சிவப்புத்தான்.

நீரிழிவு உள்ளவருக்கு இது இன்னும் வினை. இரத்தத்தில் சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருப்பவர்களின் சிறுதட்டுகள் எளிதில் கிளர்ந்து ஒட்டும் தன்மை கொண்டவை. ஒட்டுதலைக் குறைக்கக் குடிக்கிற சாறே ஒட்டுதலுக்கு வழி பண்ணலாம்.

காலி வீதிக் கடையில் ஒரு தம்ளர் கறுத்த திராட்சை ஜூஸ் எப்படி உருவாகிறது என்று ஒருமுறை நின்று பாருங்கள். ஒரு கைப்பிடி பழம், அதற்கு மேல் ஐஸ், பக்கத்துப் போத்தலிலிருந்து சீனிப்பாகு, பிளெண்டரில் இருபது விநாடி, பிறகு வடி. வடியில் தங்கிய ஊதாத் தோலும் விதையும் வாளிக்குள் போகும். திராட்சையின் அந்தோசயனின் நிறமி தோலில் இருக்கிறது, துவர்ப்புத் தரும் தனின்கள் விதையில் இருக்கின்றன. ஆகவே காசு கொடுத்து வாங்குவது பெரும்பாலும் ஐஸும் சீனியும். மருந்துக்குரிய பகுதி வாளிக்குள். "பாகு வேண்டாம், வடிக்கவும் வேண்டாம்" என்று சொன்னால் கடைக்காரர் ஒரு பார்வை பார்ப்பார். பரவாயில்லை.

2002இல் போல்ட்ஸின் குழுவிலிருந்து வந்த ஓர் ஆய்வின் முதல் பெயர் தனஞ்சயன் சண்முகநாயகம். திராட்சை விதைச் சாரமும் தோற் சாரமும் தனித்தனியே கொடுத்ததைவிடச் சேர்த்துக் கொடுத்தபோது சிறுதட்டுகள் கூடுதலாக அடங்கின என்பது அதன் முடிவு. விதையில்லாத் திராட்சையைத் தேடி ஓடுகிறவர்களுக்கு இது ஒரு சேதி. யாழ்ப்பாணத்திலிருந்து வரும் விதையுள்ள கறுத்த திராட்சையைத் தோலோடு மென்று தின்பது, வடித்த சாற்றைவிட மேல்.

நிறம்தான் மருந்து என்று எண்ணிக்கொள்ளவும் வேண்டாம். நிறம் ஓர் அடையாளம், அவ்வளவே. மாதுளையின் பெருமைக்குப் பெரும் காரணமான புனிகாலஜின் ஒரு தனின். சிவப்பைக் கொடுப்பது வேறொரு கூட்டம். தக்காளியில் இது இன்னும் தெளிவு. சிவப்பு நிறம் லைக்கோபீன், ஆனால் சிறுதட்டுகளைத் தொடுவது விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான பகுதியில் இருக்கும், நீரில் கரையும், நிறமற்ற பொருள்கள். ஸ்கொட்லாந்தில் பிரித்தெடுத்த அந்தச் சாரத்துக்கு, "இயல்பான சிறுதட்டு ஒட்டுதலைப் பேண உதவும்" என்று சொல்லிக்கொள்ள ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2009இல் சாதகமான கருத்துக் கொடுத்தது. பீற்றூட்டிலும் அதே கதை: சிவப்பு பீற்றலெய்ன், வேலை செய்வது நிறமில்லாத நைத்திரேற்று. நாக்கின் பின்புறத்தில் வாழும் பக்டீரியாக்கள் அதை நைத்திரைற்றாக மாற்ற, உடல் அதிலிருந்து நைத்திரிக் ஒட்சைட்டை எடுக்கிறது. 2008இல் லண்டனில் 500 மில்லிலீற்றர் பீற்றூட் சாறு குடித்தவர்களுக்கு இரண்டரை, மூன்று மணித்தியாலத்தில் இரத்த அமுக்கத்தின் மேல் எண் 10 அளவில் இறங்கியது, சிறுதட்டு ஒட்டுதலும் குறைந்தது. கிருமிகொல்லி வாய்கழுவி பாவித்தால் அந்தப் பக்டீரியா செத்து, பலனும் போய்விடும். பீற்றூட்டை அவித்து நீரை ஊற்றிவிட்டுக் கறி வைத்தால் நைத்திரேற்றில் ஒரு பங்கு தொட்டியோடு போகும்.

அந்தோசயனின் உடலுக்குள் போவதும் எளிதல்ல. வயிறும் சிறுகுடலும் கொஞ்சம்தான் உறிஞ்சும். மிச்சம் பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள பக்டீரியாக்களால் சிறிய பீனோல் அமிலங்களாக உடைந்து, பிறகு இரத்தத்துக்கு வரும். 2013இல் அடையாளமிட்ட கரிமத்தோடு கொடுத்துப் பின்தொடர்ந்தபோது, கொடுத்ததில் 12 சதவீதமளவுதான் உடலுக்குள் வந்ததாகத் தெரிந்தது, அதுவும் பெரும்பாலும் உருமாறி. எனவே சிறுதட்டுகள்மேல் சாற்றை நேரே ஊற்றிச் செய்த குழாய்ப் பரிசோதனைகளைத் தூக்கிப் பிடிக்கும் செய்திகளை அரைக்காதால் கேட்டால் போதும்.

இதயத்துக்கு நீண்ட நாள் நன்மை உண்டா? அமெரிக்கத் தாதியர் 93,600 பேரை 18 ஆண்டு பின்தொடர்ந்த கணிப்பு 2013இல் வந்தது. அந்தோசயனின் அதிகம் உண்டவர்களுக்கு மாரடைப்பு 32 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்கள் உண்டது சாறல்ல, ஸ்ட்ரோபெரியும் புளூபெரியும் முழுப்பழமாக. பழம் தின்கிறவர் புகைக்காதவராகவும் நடக்கிறவராகவும் இருக்க வாய்ப்பு அதிகம். கணக்கில் அதைக் கழித்தாலும் முழுதாகக் கழிவதில்லை. மாதுளஞ்சாற்றில் நேரடிச் சோதனையே நடந்தது: 289 பேர், நாளுக்கு 240 மில்லிலீற்றர், 18 மாதம். கழுத்து நாடியின் சுவர் தடிப்பதில், சாறு குடித்தவருக்கும் போலிப் பானம் குடித்தவருக்கும் மொத்தத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அதற்கு முன் இஸ்ரேலில் வெறும் 10 நோயாளரிடம் கண்ட அபார முன்னேற்றம்தான் உலகமெல்லாம் விளம்பரமானது. மாதுளஞ்சாறு இதய நோயைத் தடுக்கும் என்று விளம்பரம் செய்த அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கூற்றுகள் ஏமாற்றுபவை என்று அந்த நாட்டு வணிக ஆணைக்குழு 2013இல் தீர்த்தது, மேன்முறையீட்டு நீதிமன்றமும் 2015இல் பெருமளவு அதை ஏற்றது.

ஆகப் பார்த்தால், நாளுக்கு ஒரு கிண்ணம் கறுத்த திராட்சையோ மாதுளை முத்தோ, காலத்தில் நாவற்பழமோ தின்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. சாற்றைக் குளிசைக்குப் பதிலாக வைப்பதற்கு இல்லை. கத்தரிக்காயின் ஊதாத் தோலிலும் இராசவள்ளிக்கிழங்கிலும் இதே நிறமிக் குடும்பம்தான் (கிழங்குக் களிக்குள் போடும் சீனியையும் தேங்காய்ப்பாலையும் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும்).

குளிசை போடுகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியவை சில. அஸ்பிரின் சிறுதட்டின் ஒரு நொதியத்தை நிரந்தரமாக முடக்குகிறது. கரு இல்லாத சிறுதட்டால் அதைத் திருப்பிச் செய்ய முடியாது, சாகும்வரை முடக்கம் நீடிக்கும். சாற்றின் பிடி அப்படிப்பட்டதல்ல. ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் "சாறு குடிக்கிறேன்தானே" என்று குளிசையை நிறுத்தினால் ஸ்டென்டுக்குள்ளேயே கட்டி விழலாம், அது உயிரோடு விளையாடுவது.

வார்பரின் போடுகிறவர்கள் ஐ.என்.ஆர். (இரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் எண்) பார்ப்பார்கள், பெரும்பாலும் 2க்கும் 3க்கும் இடையில் வைக்கச் சொல்வார்கள், இதய வால்வின் வகையைப் பொறுத்து மேலும் கூடலாம். அந்தப் பரிசோதனை உறைதற் புரதங்களை மட்டும் அளக்கும். சிறுதட்டு மந்தமானால் அது காட்டாது. "ஐ.என்.ஆர். சரியாக இருக்கிறது, பல்முரசு ஏன் கசிகிறது?" என்ற கேள்விக்கு ஒரு பதில் இங்கே இருக்கலாம். வார்பரின் விற்றமின் கே-யின் சுழற்சியை மறிக்கிற மருந்து. திராட்சை, மாதுளைச் சாறுகளில் விற்றமின் கே அற்பம். கொழும்பில் வார்பரினைக் குழப்புவது வேறு: காலையில் தெருவோரம் விற்கும் இலைக்கஞ்சி, வல்லாரைச் சம்பல், முருங்கையிலை வறை. இவற்றை விடவேண்டியதில்லை, ஆனால் ஒரு கிழமை நாள்தோறும், மறு கிழமை ஒன்றுமே இல்லை என்று ஆடக்கூடாது. கிரான்பெரிச் சாற்றைப் பற்றி 2003இல் பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டாளர்கள் எச்சரித்தார்கள். பிறகு நடந்த சோதனைகளில் நாளுக்கு ஒரு தம்ளர் அளவில் பெரிய மாற்றம் தெரியவில்லை. எந்தச் சாற்றையும் புதிதாக நாள்தோறும் தொடங்கினால் கிளினிக்கில் சொல்லி, ஒரு கிழமையில் ஐ.என்.ஆர். பார்ப்பது போதும்.

உண்மையில் பயப்படவேண்டிய பழம் கிரேப்புரூட், அதன் உறவான ஜம்போலாவும் சேர்த்து. 1989இல் கனடாவில் டேவிட் பெய்லி குழு, மருந்தோடு மது சேர்ந்தால் என்ன ஆகும் என்று பார்த்த சோதனையில், மதுவின் சுவையை மறைக்க கிரேப்புரூட் சாறு கலந்து கொடுத்தபோது, அமுக்கக் குளிசை ஒன்றின் அளவு இரத்தத்தில் எதிர்பாராமல் ஏறியதைக் கண்டது. குடற்சுவரில் மருந்தை உடைக்கும் நொதியத்தை இந்தச் சாறு அழித்துவிடுகிறது. சுவர் புதிதாக நொதியம் செய்ய ஒரு நாளுக்கு மேலாகும். ஆகவே "காலையில் சாறு, இரவில் குளிசை" என்று நேரம் பிரிப்பதால் பலனில்லை. கொலஸ்திரோலுக்குச் சிம்வாஸ்டட்டின், அட்டோர்வாஸ்டட்டின் போடுகிறவர்களுக்கு மருந்தின் அளவு ஏறித் தசைநோவு வரலாம். கறுத்த தேத்தண்ணி நிறத்தில் சிறுநீர் போனால் உடனே காட்ட வேண்டும். ரொசுவாஸ்டட்டினுக்கு இந்தச் சிக்கல் இல்லை. உடலில் பொற்றாசியத்தைத் தேக்கக்கூடிய லொசார்ட்டன், எனலப்ரில் போன்ற அமுக்கக் குளிசை போடுகிற சிறுநீரக நோயாளர் மாதுளஞ்சாற்றிலும் அளவு பார்க்க வேண்டும். 100 மில்லிலீற்றரில் 200 மில்லிகிராமுக்கு மேல் பொற்றாசியம் இருக்கிறது.

வீட்டில் சாறுதான் வேண்டுமென்றால், செய்முறையில் நிறமியைக் காப்பாற்றலாம். விதையுள்ள கறுத்த திராட்சை 250 கிராமை உப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவவும். எவர்சில்வர்ப் பாத்திரத்தில் 50 மில்லிலீற்றர் தண்ணீரோடு மெல்லிய நெருப்பில் வைத்து மத்தால் நசுக்கவும். விரல் இரண்டு விநாடிக்கு மேல் பொறுக்காத சூடு, ஆனால் குமிழி வரக்கூடாது. அந்தச் சூட்டில் பதினைந்து நிமிடம். தோல் வெளிறி, சாறு கறுத்து வரும். தொழிற்சாலைகளும் பிழியுமுன் இப்படித்தான் சூடாக்குகின்றன. கொதித்தால் நிறமி சிதைந்து செங்கல் நிறமாகும். அலுமினியம், இரும்புச் சட்டியில் வைத்தால் உலோகத்தோடு கூடி நீலம் பாய்ந்த மங்கல் நிறம் வரும். வடித்தபின் அரைத் தேசிக்காய் பிழிந்தால் சாறு பளிச்சென்று சிவக்கும், அமிலத்தில் நிறமி நிலைக்கும். சீனி வேண்டாம். ஒரு தம்ளர் வரும், இரண்டு பேருக்கு அது காணும், சாப்பாட்டோடு குடிப்பது நல்லது. மிஞ்சினால் மூடிக் குளிரூட்டியில், மறுநாள் வரை.

கடையில் வாங்கிய "திராட்சைப் பானம்" உண்மையா என்று பார்க்க அப்பச்சோடா ஒரு சிட்டிகை போதும். ஒரு கரண்டி பானத்தில் போட்டால் அந்தோசயனின் நீலம் அல்லது பச்சை சாயலுக்கு மாறும். செயற்கைச் சாயம் அசையாமல் சிவப்பாகவே நிற்கும். மாறினால் திராட்சைத் தோல் நிறமி உண்டு என்றுதான் பொருள். சாறு எவ்வளவு என்று சோடா சொல்லாது.

கடைசியாக டெங்கு. கொழும்பில் மழைக்குப் பின்னால் காய்ச்சல் வந்தால், சிறுதட்டு ஏறும் என்று சொல்லி மாதுளஞ்சாறு பருக்குகிற வீடுகள் நிறைய. டெங்குவில் சிவப்பு, மண்ணிறப் பானங்களைத் தவிர்க்கச் சொல்வது நம் வைத்தியசாலைகளில் வழக்கமான அறிவுரை. ஜீவனி என்ற உப்புச் சர்க்கரைக் கரைசல், இளநீர், கஞ்சி கொடுக்கலாம். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும், அஸ்பிரினும் இபுபுரோபனும் கூடாது. ஏற்கெனவே அஸ்பிரின் போடுகிற இதய நோயாளர் என்றால் காய்ச்சலின் முதல் நாளே அதை வைத்தியரிடம் சொல்லிவிட வேண்டும். சாறு விஷம் என்பதற்காக அல்ல இந்தத் தடை. பிள்ளை இரவு இரண்டு மணிக்குச் சிவப்பாக வாந்தி எடுத்தால், அது மாதுளையா இரத்தமா என்று வாட்டில் நிற்கிற தாதியால் பார்த்துச் சொல்ல முடியாது.